பெயரில் தங்கிவிட்ட நோய்

மொழியியல் பயின்று அறிவியல் வரலாற்று ஆய்வுக்கு வந்த எனக்கு, மரபணுக்களின் பெயர்கள் மீது கண் செல்வது இயல்பு. மார்பகப் புற்றுநோய் ஆய்வின் வரலாற்றில் இரண்டு பெயர்கள் சிந்திக்கத்தக்கவை.

முதலாவது பி53. 1979இல் சில ஆய்வுக்குழுக்கள், எஸ்வி40 என்னும் வைரசின் புரதத்தோடு பிணைந்த நிலையில் இப்புரதத்தைக் கண்டன. அதன் எடை 53,000 டால்டன் எனக் கணித்ததால் அப்பெயர் அமைந்தது. உண்மையில் எடை ஏறத்தாழ 43,700 மட்டுமே. வகைப்பாட்டில் நேர்ந்த பிழை இதனினும் பெரிது. பத்தாண்டுக் காலம் அது புற்றைத் தூண்டும் மரபணுவாகவே கருதப்பட்டது. ஆய்வகங்கள் கையாண்ட படிகள் பலவும் பழுதுற்றவையாக இருந்ததே காரணம். பழுதற்ற பி53 கட்டியை அடக்குவது என்பதை 1989இல் ஆர்னால்டு லெவின், பெர்ட் வோகல்ஸ்டீன் ஆகியோரின் குழுக்கள் தெளிவுபடுத்தின.

டி.என்.ஏ சிதைவுறும்போது, பி53 அதன் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிப் பிற மரபணுக்களின் படியெடுப்பை முடுக்குகிறது. அவ்வாறு முடுக்கப்படுவதாக 1993இல் அறியப்பட்ட பி21, செல் பிரிவதை நிறுத்திப் பழுது நீங்க அவகாசம் தருகிறது. மார்பகப் புற்றுக் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் பி53 மரபணு பழுதுற்றிருக்கிறது.

இரண்டாவது பிஆர்சிஏ1. இளவயதிலேயே மார்பகப் புற்று தோன்றிய 23 குடும்பங்களை ஆராய்ந்த மேரி-கிளேர் கிங்கின் குழு, 1990இல் அம்மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளதென நிறுவியது. 1994இல் மரபணுவே பிரித்தெடுக்கப்பட்டது. முறிந்த டி.என்.ஏ இழைகளைச் செப்பனிடுவதும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பிற மரபணுக்களை முடுக்குவதை மட்டுப்படுத்துவதும் அதன் பணிகள். சில கட்டிகளில் அதன் எழுத்துவரிசை பிழையின்றி இருந்தும், மெத்தில் குழுக்கள் ஏறியதால் அது செயலற்றுப் போகிறது.

ஆயினும் பெயரில் இடம்பெற்றது அதன் பணியன்று; அப்பணி தவறும்போது வரும் நோய். இதன் விளைவு சிறிதன்று. “அவருக்கு அந்த மரபணு இருக்கிறது” என்கிறோம். அம்மரபணு ஆண் பெண் அனைவரிடமும் உண்டு. பெற்றோரிடமிருந்து பழுதுற்ற படியொன்றைப் பெற்றவரிடமும் நல்ல படியொன்று எஞ்சியிருக்கும். அதுவும் ஒரு செல்லில் இழக்கப்படும்போதே அங்குக் காவல் முற்றும் நீங்குகிறது. எனவே பழுது என்பது மிகுந்த அபாயமே தவிர, உறுதியான தீர்ப்பன்று.

பெயரிலுள்ள ‘மார்பகம்’ மற்றொன்றையும் மறைக்கிறது. குடும்ப வரலாறு கேட்கையில் தாய்வழியோடு நின்றுவிடுகிறோம். பழுதுற்ற படியைத் தந்தையும் அதே அளவு வாய்ப்புடன் மகளுக்குக் கடத்தக்கூடும். அத்தையின் நோயையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.