டிவியும் ஐஓவும்: இரண்டு தீவுக்கூட்டங்களின் இணையப் பெயர்கள்

ஓர் இணைய முகவரியைத் தட்டினால், அதைத் தேடும் வேலை கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்துகளிலிருந்து தொடங்குகிறது. அவை யார் பொறுப்பில் உள்ளன என்பதை, தேடலின் முதல் படியான ரூட் சர்வர் சொல்லும். அந்தப் பொறுப்பாளரின் சர்வரிடம் போய் அடுத்த சொல்லைக் கேட்க வேண்டும். அந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டா என்று எந்த சர்வரும் பார்ப்பதில்லை. டொமைன் பெயர் வெறும் அடையாளச் சீட்டு என்று பொறியாளர்கள் சொல்வது இந்த மட்டில் சரிதான். ஆனால் '.டிவி' (.tv), '.ஐஓ' (.io) என்ற இரண்டு பின்னொட்டுகளின் கதையையும் சேர்த்துப் படித்தால் அந்த விளக்கம் போதவில்லை.

இரண்டும் நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் குறி தரும் ஐஎஸ்ஓ 3166 பட்டியலில் உள்ள ஈரெழுத்துக் குறிகள். எது நாடு, எது நாடில்லை என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைத் தவிர்க்கத்தான், இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1994இல் எழுதிய ஆர்எஃப்சி 1591 என்ற இணைய ஆவணம் அந்தப் பட்டியலை ஏற்றுக்கொண்டது. ஆனால் பின்னொட்டை நிர்வகிப்பவர் அந்தச் சமூகத்துக்குச் சேவை செய்யக் கடமைப்பட்ட அறங்காவலர் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. பலரும் தாண்டிப்போகும் வரி இது.

'.டிவி' பசிபிக்கில் உள்ள துவாலுவுக்கு உரியது. 26 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ 11,000 மக்கள். உலகம் அதைத் தொலைக்காட்சி என்று படித்தது. துவாலு அதற்கு விலை வைத்தது. 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 2000இல் ஐ.நா. உறுப்பினராகும் செலவுக்கு அந்தப் பணம் கைகொடுத்தது. கிடைப்பது குறைவு என்று பின்னாளில் குறைப்பட்டாலும், பேரம் பேசும் இடத்தில் அந்த நாடே உட்கார்ந்திருந்தது.

'.ஐஓ' பிரிட்டனின் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதிக்கு, அதாவது சாகோஸ் தீவுகளுக்கு உரியது. டியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க, 1968 முதல் 1973 வரை அங்கிருந்த மக்கள் மொரிஷியசுக்கும் சீஷெல்ஸுக்கும் வெளியேற்றப்பட்டார்கள். பின்னொட்டு இணையத்தில் ஏறியது 1997இல். அப்போது அந்தத் தீவுகளில் சொந்த மக்கள் ஒருவர்கூட இல்லை. நிரலாளர்கள் அதை உள்ளீடு-வெளியீடு என்று படித்தார்கள், புதிய நிறுவனங்கள் விரும்பி வாங்கின. அதை நடத்திய தனியார் நிறுவனம் 2017இல் சுமார் 7 கோடி டாலருக்குக் கைமாறியது. தனக்கு அதில் வருமானமில்லை என்கிறது பிரிட்டன் அரசு. சாகோஸ் மக்களுக்கும் பங்கு கிடைக்கவில்லை; 2021இல் அவர்களின் அகதிகள் அமைப்பு ஒன்று அயர்லாந்தில் முறையிட்டது.

பெயரைப் பயன்படுத்துகிறவர் அதற்கு எந்தப் பொருளையும் ஏற்றிக்கொள்ளட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நிலத்துக்கென்று ஒதுக்கிய குறியை விற்றால், அந்த நிலத்தின் மக்களுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். துவாலுவுக்கு அரசு இருந்ததால் அதைக் கேட்டு வாங்க முடிந்தது. சாகோஸ் மக்களுக்கு அப்படி ஓர் அரசு இல்லை. அவர்களின் தீவுகளை மொரிஷியசிடம் ஒப்படைக்க 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, '.ஐஓ' முகவரிகள் என்னாகும் என்ற கவலையே இணையத் தொழிலில் பெரிதாகப் பேசப்பட்டது. அந்தப் பின்னொட்டு நீடித்தாலும் மறைந்தாலும், இத்தனை ஆண்டுகளாக அது ஈட்டியதில் சாகோஸ் மக்களுக்குரிய பங்கை முதலில் தீர்க்க வேண்டும்.