காணொளிக் கலை: மூலப்படைப்பும் இணையப் பதிவும்

காணொளிக் கலை என்பது தொலைக்காட்சிப் பெட்டி, படக்கருவி, திரை ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கப்படும் காட்சிக் கலை வடிவம் ஆகும். 1960களில் தோன்றிய இக்கலையின் முன்னோடிகளுள் முதன்மையானவர் சியோல் நகரில் பிறந்த நாம் ஜூன் பைக் (1932–2006). இவருடைய படைப்புகளின் பதிவுகளை இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் அது மூலப்படைப்பைப் பார்த்ததற்கு ஈடாகுமா என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. அது படைப்புக்குப் படைப்பு மாறுபடுகிறது.

தோற்றம்

1963 மார்ச்சில் மேற்கு செருமனியின் வூப்பர்டால் நகரில், உட்சுற்றுகள் மாற்றியமைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பைக் காட்சிக்கு வைத்தார். 1965இல் 'காந்தத் தொலைக்காட்சி'யை உருவாக்கினார். பெட்டியின் மேல் உள்ள பெரிய காந்தம் படக்குழாயின் எலக்ட்ரான் கற்றையை வளைப்பதால் திரையில் ஒளிக்கோலங்கள் தோன்றும். காந்தத்தை நகர்த்தினால் கோலமும் மாறும். இணையப் பதிவில் கோலத்தைக் காணலாம், மாற்ற இயலாது. படக்குழாய் இல்லாத இன்றைய தட்டைத் திரையில் இவ்விளைவே நிகழாது.

பார்வையாளரின் இடம்

அமெரிக்க மாநிலங்களின் வரைபடமாக நியான் விளக்குகளாலும் 300க்கும் மேற்பட்ட தொலைக்காட்சிகளாலும் அமைந்தது 'மின்னணு நெடுஞ்சாலை' (1995). வாசிங்டனில் உள்ள சுமித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இது உள்ளது. அதில் வாசிங்டன் நகரைக் குறிக்கும் சிறு திரை, எதிரே நிற்பவரின் உருவத்தையே நேரலையில் காட்டுகிறது. நேரில் செல்பவர் படைப்பின் ஒரு பகுதியாகிறார். இணையத்தில் பார்ப்பவருக்கு அவ்விடத்தில் வேறொருவர் முகமே தெரியும்.

பகிர்வுக்கென உருவானவை

எல்லாப் படைப்புகளும் இவ்வாறானவை அல்ல. 1984 சனவரி 1 அன்று நியூயார்க்கையும் பாரிசையும் செயற்கைக்கோள் வழியே இணைத்துப் பைக் நடத்திய 'குட் மார்னிங் மிஸ்டர் ஆர்வெல்' வீட்டுத் தொலைக்காட்சிகளுக்காகவே உருவானது. நேரலையின் பரபரப்பு போய்விட்டாலும், வீட்டுத் திரையில் அதைப் பார்ப்பது அதன் இயல்புக்கு முரணாகாது.

மூலமும் மாறுகிறது

தென்கொரியாவின் குவாச்சன் நகரில் உள்ள தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் 1,003 தொலைக்காட்சிகளால் ஆன பைக்கின் கோபுரம் (1988) உள்ளது. பெட்டிகள் பழுதடைந்ததால் 2018இல் அது நிறுத்தப்பட்டது. சில குழாய்த் திரைகளுக்குப் பதில் தட்டைத் திரைகள் பொருத்தப்பட்டு, 2022இல் மீண்டும் ஒளிர்ந்தது. எனவே நேரில் செல்பவரும் இன்று காண்பது 1988ஆம் ஆண்டின் கோபுரத்தை அப்படியே அன்று. அது அன்று எவ்வாறு ஒளிர்ந்தது என்பதற்குப் பழைய பதிவுகளே சான்றாகின்றன. பதிவு மூலத்துக்கு மாற்றாகாது. ஆனால் மூலம் தேயும்போது அதன் நினைவைக் காப்பது பதிவே.