மோரிஸ் மைனரின் முன்சக்கரங்கள்

1948ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் நடைபெற்ற மோட்டார்க் காட்சியில் மோரிஸ் மைனர் என்னும் சிறு கார் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1971இல் அதன் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1950களில் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு அதன் உருண்டை முகம் நன்கு அறிமுகமானதே. இன்று அவ்வண்டியைப் பேணிக் காப்போரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. அதன் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் உறுப்புகளை இருந்தவாறே வைத்திருப்பதா, அன்றி அவற்றைக் கழற்றிவிட்டு இக்கால உறுப்புகளைப் பொருத்துவதா என்பதே அது. முன்சக்கரம் பிடுங்கிக்கொண்டால் போவது உயிர். ஆதலின் இதனைப் பழம்பொருள் ஆர்வலரின் வெறும் பொழுதுபோக்குச் சண்டை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இவ்வழக்கைத் தீர்க்க முற்படுவோர் முதலில் அவ்வண்டி ஏன் பெயர்பெற்றது என்பதை அறிதல் வேண்டும். அதனை உருவாக்கியவர் ஸ்மர்னா நகரில் 1906இல் பிறந்த அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைப் படைத்துப் புகழ்பெற்றவரும் இவரே. 1936இல் மோரிஸ் நிறுவனத்தில் சேர்ந்த இவருடைய முதற்பணி சஸ்பென்ஷன் ஆராய்ச்சியாகவே இருந்தது. அக்காலத்து ஆங்கிலச் சிறு கார்கள் பலவற்றில் முன்சக்கரம் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் கோக்கப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் உடன் ஆடும். மைனருக்கு முந்திய மோரிஸ் எயிட் வண்டியின் நிலையும் இதுவே. மைனரிலோ ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே ஏறியிறங்கியது. சுருள்வில்லுக்கு மாற்றாக, டார்ஷன் பார் எனப்படும் நீண்ட முறுக்குத் தண்டுகள் தரையின்கீழ்ப் பின்னோக்கி ஓடி, ஒரு குறுக்குச் சட்டத்தில் கட்டப்பட்டிருந்தன. பிரெஞ்சு சித்ரோயன் 1934இலேயே முறுக்குத் தண்டைக் கையாண்டது. இசிகோனிஸ் அவ்வண்டியை வியந்தவர். ஸ்டியரிங்குக்கோ ரேக் அண்ட் பினியன் என்னும் பற்சட்ட அமைப்பு. எஞ்சினை முன்னே தள்ளி வைத்ததும், 14 அங்குலச் சிறு சக்கரங்களைப் பூட்டியதும் சேர்ந்து, மலிவான குடும்ப வண்டிக்கு அதுவரை வாய்த்திராத நிலைத்த ஓட்டத்தைத் தந்தன.

எஞ்சினின் கதை வேறு. முதல் மைனரில் இருந்தது 918 சி.சி. கொண்ட பழைய எஞ்சின். ஆற்றல் சுமார் 27 குதிரைத்திறன். 1952இல் ஆஸ்டினின் 803 சி.சி. எஞ்சினும், 1956இல் 948 சி.சி.யும், 1962இல் 1098 சி.சி.யும் வந்தன. ஆற்றல் 48 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. அதற்கேற்ப முன்பிரேக்கின் டிரம்மை 8 அங்குலமாக நிறுவனமே பெரிதாக்கியது. ஆனால் முறுக்குத் தண்டும் பற்சட்டமும் இறுதிவரை இடம்பெயரவில்லை. எஞ்சினைப் பன்முறை மாற்றியும் மைனர் மைனராகவே நின்றது. எனவே அதன் அடையாளம் எஞ்சினில் இல்லை, முன்சக்கர அமைப்பிலேயே உள்ளது என்று கொள்வதே பொருந்தும்.

மூலமே மாற்றம் பெற்றதுதானே என்று மறுதரப்பார் வினவலாம். அவ்வினா நியாயமானதே. உற்பத்தி தொடங்குமுன் மாதிரி வண்டியின் அகலம் போதவில்லை என்று கருதிய இசிகோனிஸ், அதனை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் இடைவெளி விட்டு மீண்டும் இணைக்கச் செய்தார். ஏற்கெனவே செய்துவைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. முதல் வண்டிகளில் அந்த ஒட்டு வெளிப்படையாகத் தெரியும். ஆனால் அது படைத்தவனே தன் படைப்பைத் திருத்தியது. எழுபது ஆண்டு கழித்து வேறொருவர் திருத்துவதற்கு அது சான்றாகாது.

இனி, குறை என்னவென்று காண்போம். முன்சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் இரு முனைகளும் மரை வெட்டப்பட்டு, டிரனியன் என்னும் உலோகக் கட்டைகளுக்குள் திருகப்பட்டுள்ளன. வண்டியின் பாரம் கீழ்க் கட்டையின் மரை வழியாகவே சக்கரத்தை அடைகிறது. கிரீஸ் இடாமல் விட்டால் மரை தேயும். முற்றத் தேய்ந்த ஒரு நாளில் கட்டை கழன்று, சக்கரம் மடிந்து, வண்டியின் முன்மூலை தரையில் அமரும். மைனரின் மீது சுமத்தப்படும் பெரும்பழி இதுவே. இதற்காகவே சிலர் டிரனியனை நீக்கிப் பந்துமூட்டு பொருத்துகின்றனர். பந்துமூட்டும் தேயும் பொருள்தான். ஒழுங்காகக் கிரீஸ் இட்டு, ஆட்டம் கண்டவுடன் மாற்றப்பட்ட டிரனியன் ஓட்டுநரைக் கைவிடுவதில்லை. இங்கே குற்றவாளி அமைப்பன்று, கவனக்குறைவே.

ஷாக் அப்சார்பரின் செய்தி இன்னும் சுவையானது. பழைய நெம்புகோல் வகைக்கு மாற்றாகக் குழாய் வகையைப் பலர் பூட்டுகின்றனர். முன்புறத்திலோ அந்த நெம்புகோலே சக்கரத்தின் மேற்கையாகவும் பணிபுரிகிறது! ஆதலால் புதிய குழாயைப் பூட்டிய பின்னும் பழையது அங்கேயே இருக்க வேண்டியதாகிறது. மேலும், புதுக்குழாயின் விசையைத் தாங்கும் இடம் அதற்கென அமைந்ததன்று. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். முறுக்குத் தண்டின் பின்முனை கட்டப்பட்ட குறுக்குச் சட்டம் துருப்பிடித்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த உறுப்பைப் பூட்டியும் பயனில்லை. புது உறுப்பு வாங்கும் பணத்தில் பாதியை அந்தத் தகட்டுக்குச் செலவிடுவோர் சிலரே.

பிரேக் மட்டும் இவ்விதிக்கு விலக்கு எனலாம். இன்றைய போக்குவரத்தில் முன்னே செல்லும் வண்டி நிற்கும் தூரத்தில் பழைய டிரம் பிரேக் நிற்பதில்லை. 1971இல் வந்த மோரிஸ் மரினா, மைனரின் முன்சக்கர அமைப்பையே தழுவியது. அதனால் அதன் டிஸ்க் பிரேக்கை மைனருக்குப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். இது ஒரே குடும்பத்துக்குள் நிகழும் கொடுக்கல் வாங்கல். இந்தியாவின் அம்பாசடரில் ஏறியவர்களும் இசிகோனிஸ் மரபின் முறுக்குத் தண்டின்மேல் சவாரி செய்தவர்களே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பிரிட்டனின் சட்டமும் இவ்வழக்கில் நுழைந்துள்ளது. 2018 மே 20 முதல் 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெருமாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு இச்சலுகை இல்லை. ஸ்டியரிங் அல்லது சஸ்பென்ஷன் வகையை மாற்றுவது பெருமாற்றமாகக் கருதப்படுகிறது. எனினும் அச்சு முதலிய ஓட்ட உறுப்புகளில் பாதுகாப்பை மேம்படுத்தச் செய்த மாற்றம் ஏற்கப்படும். உற்பத்திக் காலத்திலோ அது முடிந்த பத்தாண்டுக்குள்ளோ பொதுவழக்கில் இருந்த மாற்றமும் அவ்வாறே. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற தூரின் சாசனம், கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தவிர்க்கவியலாத மாற்றம் மூலத்தின் தோற்றத்துக்கும் அமைப்புக்கும் இசைந்ததாகவும், இயன்றவரை மீண்டும் நீக்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

அந்த அளவுகோலை மைனரில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கும். மரினாவின் பிரேக்கைத் திருகு கழற்றி எடுத்துவிடலாம். முறுக்குத் தண்டை நீக்கிச் சுருள்வில் அமைப்பதற்காக உடலின் தகட்டை வெட்டிப் பற்றவைத்த பின்னரோ பழைய வண்டியை மீட்க வழியில்லை. கழற்றிய உறுப்புகளைத் துணியில் சுற்றி, கிரீஸ் தடவிப் பெட்டியில் போட்டுவைக்கும் வழக்கம் கவனமுள்ள பட்டறைகளில் உண்டு. அடுத்து வாங்குவோர் முதலில் கேட்பதும் அந்தப் பெட்டியைத்தான்.