பாதியாக அறுத்த எஞ்சினா?

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1982 முதல் 1991 வரை 944 என்னும் ஸ்போர்ட்ஸ் காரைத் தயாரித்தது. மோட்டார் பிரியர்கள் அதைப் பற்றி இரண்டு கதைகள் சொல்வதுண்டு. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின், அதே நிறுவனத்தின் பெரிய காரான 928-இன் எட்டு சிலிண்டர் எஞ்சினை நடுவே அறுத்து எடுத்த பாதி என்பது ஒரு கதை. 944-க்கு மூத்த பிறவியான 924, சரக்கு வேனின் எஞ்சினை வைத்துக்கொண்டு ஓடிய போலிப் போர்ஷே என்பது மற்றொரு கதை. ஒன்று பெருமைக்குச் சொல்வது, மற்றது ஏளனத்துக்கு. இரண்டையும் சற்று உரசிப் பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கணக்கும் உண்டு.

வேனை முதலில் முடித்துவிடுவோம். 924 காரைப் போர்ஷே பொறியாளர்கள் வோல்க்ஸ்வாகன் நிறுவனத்துக்காக ஒப்பந்த வேலையாக வடிவமைத்தார்கள். வோல்க்ஸ்வாகன் அதைக் கைவிடவே, போர்ஷேயே அத்திட்டத்தை விலைக்கு வாங்கி 1976-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984 கன செ.மீ. கொள்ளளவுள்ள அதன் எஞ்சினின் அடிப்படை, அவுடி நிறுவனத்துடையது. அதே அடிப்படை எஞ்சின் வோல்க்ஸ்வாகனின் எல்.டி. வேனிலும் இருந்தது உண்மைதான். 1975-இலேயே அந்த வேன் சந்தைக்கு வந்துவிட்டதால் "வேன் எஞ்சின்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவுடி 100 என்ற குடும்பக் காரிலும் அதே எஞ்சின்தான் இருந்தது. அதை யாரும் வேன் என்று சொல்லவில்லை! வேனில் அது கார்புரேட்டருடன் 75 குதிரைத் திறன் தந்தது. 924-இல், எரிபொருளைப் பீய்ச்சும் கருவியும் வேறு மாற்றங்களும் சேர்ந்து 125 தந்தது. ஒரே மாவில்தான் இட்லியும் தோசையும் வருகின்றன. தோசையைக் காட்டி இது இட்லி என்பாருண்டா?

ஆனால் ஏளனம் விற்பனைக்கு உதவாது. அடுத்து வந்த 944-க்குப் போர்ஷே தன் சொந்த எஞ்சினையே பொருத்தியது. 'பாதி' என்ற கதை இங்கேதான் தொடங்குகிறது.

எஞ்சினின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. சிலிண்டரின் விட்டத்தை வர்க்கமாக்கி 0.7854-ஆல் பெருக்குங்கள், அதைப் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் நீளத்தாலும், பிறகு சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். 1977-இல் வெளிவந்த 928-இல் விட்டம் 9.5 செ.மீ., பிஸ்டன் நகரும் நீளம் 7.89 செ.மீ., சிலிண்டர்கள் எட்டு. விடை 4474 கன செ.மீ. அதில் பாதி 2237. ஆனால் 944-இன் கொள்ளளவோ 2479! 1979-இல் வந்த 928 எஸ் காரில் விட்டம் 9.7 செ.மீ. ஆயிற்று, கொள்ளளவு 4664, பாதி 2332. அதுவும் பொருந்தவில்லை. 944-இல் பிஸ்டன் நகரும் நீளம் அதே 7.89 செ.மீ. என்றாலும் விட்டம் 10 செ.மீ. ஆகும்.

இதே 10 செ.மீ. விட்டத்துடன், 944-ஐப் போல் இரு மடங்கு கொள்ளளவுள்ள 928 ஒன்றும் உண்டு. அது 4957 கன செ.மீ. ஆனால் அது 1985 மாடலாக வந்தது. பாதி 1982-இல் பிறந்துவிட்டது. முழுமை பிறகு பிறந்தது. மகளுக்குப் பின் தாய் பிறந்தாள் என்றால் யார் ஒப்புவார்கள்?

இது வெறும் எண் வாதம் என்று தோன்றலாம். இதைவிட வலுவான காரணம் கிராங்க் தண்டில் இருக்கிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது இத்தண்டுதான். 928-இன் கிராங்க் தண்டை முனையிலிருந்து பார்த்தால், அதன் வளைவுகள் கூட்டல் குறிபோல் நான்கு திசைகளில் நிற்கும். ஒவ்வொரு வளைவையும் வலப்புறத்திலிருந்து ஒன்றும் இடப்புறத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு பிஸ்டன்கள் பற்றியிருக்கும். இதில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை எடுத்துவிட்டால், எஞ்சிய நான்கு சிலிண்டர்களில் வெடிப்புகள் ஒழுங்கான இடைவெளியில் நிகழமாட்டா. ஆகவே நான்கு வளைவுகளும் ஒரே தளத்தில், இரண்டு மேலும் இரண்டு கீழுமாக அமைந்த புதிய தண்டு தேவை.

அப்படிச் செய்ததும் வேறொரு தொல்லை முளைத்தது. இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றன. எனவே எல்லாம் சமனாகிவிடும் என்று நினைப்பீர்கள். ஆனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு சாய்ந்து சாய்ந்து இயங்குகிறதல்லவா? அதனால் கிராங்க் கால் சுற்றுச் சுற்றியதும், நான்கு பிஸ்டன்களுமே தம் பாதையின் நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. அடுத்த கால் சுற்றில் அவற்றின் பொது எடைமையம் மறுபடி நடுவுக்கு ஏறுகிறது. இப்படி ஒரு சுற்றுக்கு இரு முறை எஞ்சின் மேலும் கீழும் உதறுகிறது. சிறிய எஞ்சினில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் ஒன்றுக்கு 620 கன செ.மீ. உள்ள எஞ்சினில், அதுவும் விலையுயர்ந்த காரில், முடியாது. 928-இன் கூட்டல் குறித் தண்டில் இவ்வுதறல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அங்கே இந்த நோயே கிடையாது.

மருந்து பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் பொறியாளர் லாஞ்செஸ்டர் கண்டது. ஒரு பக்கம் எடை கூடிய இரண்டு தண்டுகளை, கிராங்கைப் போல் இரு மடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசைகளில் சுழலவிட வேண்டும். பக்கவாட்டு இழுப்புகள் ஒன்றையொன்று அழிக்கும். மேல்கீழ் இழுப்புகள் சேர்ந்து எஞ்சினின் உதறலை அழிக்கும். 1970-களில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் அத்தண்டுகளில் ஒன்றை உயரத்திலும் மற்றதைத் தாழ்விலும் வைத்து இம்முறையைச் செம்மைப்படுத்தியது. போர்ஷே அந்நிறுவனத்திடம் உரிமம் பெற்று, அதற்குக் கட்டணமும் செலுத்தியது. எட்டு சிலிண்டர் தாயைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவோர் இந்த ஜப்பானியச் செவிலியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

அப்படியானால் 928-க்கும் 944-க்கும் உறவே இல்லையா? உண்டு, நெருங்கிய உறவே உண்டு. பிஸ்டன் நகரும் நீளம் ஒன்றே என்பதைக் கண்டோம். சிலிண்டர் மையங்களுக்கு இடையேயுள்ள தூரமும் ஒன்றே. கேம் தண்டைப் பல்வார் கொண்டு ஓட்டும் முறையும் ஒன்றே. எல்லாவற்றுக்கும் மேலாக உலோகம். சுமார் 17 சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினியத்தில் இரண்டையும் வார்த்தார்கள். சிலிண்டருக்குள் இரும்பு உறை இல்லை. உட்சுவரில் அலுமினியத்தை இரசாயன முறையில் சிறிது அரித்துவிட்டால், கடினமான சிலிக்கன் துகள்கள் துருத்தி நிற்கும். இரும்புப் பூச்சுள்ள பிஸ்டன் அவற்றின்மேல் வழுக்கி ஓடும். இந்தக் கலவையும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. செவர்லே வேகா என்ற மலிவான கார் 1970-இலேயே இதைப் பயன்படுத்தியது.

944 வகைக் கார்கள் 1,60,000-க்கு மேல் தயாராயின. 1986-இல், வேன் என்று ஏசப்பட்ட பழைய 924-இன் கூட்டுக்குள்ளும் இந்த எஞ்சினே 924 எஸ் என்ற பெயரில் குடியேறியது. மிட்சுபிஷியின் இரண்டு தண்டுகளும் கூடவே போயின.