சலைன் பை சைக்கிள் ஏறிய கதை

மைசூருவின் ஹெப்பாளில் தொழிற்பேட்டை இருக்கிறது, இன்ஃபோசிஸ் வளாகம் இருக்கிறது, ஓர் ஏரியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் இங்கிருந்து வெளிவட்டச் சாலைக்கு வந்து சேரும் சைக்கிள்காரர்களில் இரண்டு வகை உண்டு. சாமுண்டி மலையைத் தார் ரோட்டில் ஏறி இறங்கி, டிபனுக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு ஃபிரேமில் செருகிய ஒரு பாட்டில் போதும். கால்வாய்க் கரை, கரிகட்டா, பாண்டவபுரத்துக் குந்தி பெட்டா என்று கல்லிலும் மண்ணிலும் நாள் முழுக்க ஓட்டப் போகிறவர்களை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். உடம்போடு ஒட்டினாற்போல ஒரு பை, தோள் வழியாக மார்புக்கு இறங்கும் ஒரு குழாய், அதன் நுனியில் கடித்து உறிஞ்ச ஒரு வால்வு.

அந்தப் பையைத் திறந்தால் மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஆலன் கீ எல்லாம் இருக்கும். அவை சைக்கிள் கடைச் சாமான்கள், விட்டுவிடுவோம். தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் உறையும், பக்கத்து ஜிப்பில் மடித்து வைத்த ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: டிரிப்ஸ் ஏற்றும் சலைன். ஒன்று சலைன் தீரப்போகிறது என்ற நிலையில் பிறந்தது. மற்றது சலைன் பை கைக்கெட்டிய இடத்தில் கிடந்ததால் பிறந்தது.

மூத்தது பொட்டலம்தான். அதற்கு முன் சலைனைப் பற்றி இரண்டு வார்த்தை. காலரா கண்டவரின் ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போகின்றன என்று ஓஷாக்னஸி என்ற இளம் ஐரிஷ் மருத்துவர் கண்டு சொன்னார். (இவரே பிறகு கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவர். ஒரு மனிதருக்கு எத்தனை வேலை!) அதை வைத்து 1832-இல் ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா உப்புநீரை நோயாளியின் ரத்தக்குழாயிலேயே ஏற்றிப் பார்த்தார். வழி சரியான வழிதான். ஆனால் ஊசி வேண்டும், கிருமி நீக்கிய நீர் வேண்டும், பழகிய கை வேண்டும். காலரா வருகிற ஊர்களில் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பது அபூர்வம்.

உப்புநீரைக் குடிக்கக் கொடுத்தால் ஆகாதா? வெறும் உப்புநீர் குடலில் தங்காமல் வெளியேறிவிடும். அதில் குளுக்கோஸ் சேர்ந்தால் கதை மாறுகிறது. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைத் தேற்றி, 1953-இல் லான்செட் இதழில் எழுதினார். உலகம் கண்டுகொள்ளவில்லை. குளுக்கோஸ் சேர்ந்தால் உப்புநீர் ஏன் குடலில் தங்குகிறது என்பதற்கான விளக்கம் 1960-இல் வந்தது: குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் மட்டும் உள்ளே விடும் ஒரு வாசல் உண்டு என்றார் ராபர்ட் கிரேன். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா மற்றதையெல்லாம் குலைத்தாலும் இந்த வாசலைக் குலைப்பதில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் அது மேற்பார்வைக்கு ஆள் இருக்கும் ஆஸ்பத்திரி வார்டு. வெளியே, சேற்றில், கூட்டத்தில் இது நடக்குமா என்று பெரிய டாக்டர்கள் நம்பவில்லை.

1971-இல் சேறும் கூட்டமும் சேர்ந்தே வந்தன. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பங்காவ்ன் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போன திலீப் மஹாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், தரையெல்லாம் காலரா நோயாளிகள் கிடப்பதைப் பார்த்தார். சலைன் ஏற்ற வேண்டுமானால் வாந்தியிலும் பேதியிலும் முட்டி போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கையிருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. அவர் ஒரு முடிவெடுத்தார். கல்கத்தாவில் அவர் குழுவினர் பாலித்தீன் பைகளில் அளந்து அடைத்துத் தந்தார்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. முகாமில் டிரம்களில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளியின் தாயிடமோ அண்ணனிடமோ ஒரு குவளையைக் கொடுத்து, குடிக்க வைத்துக்கொண்டே இரு என்றார்கள். நர்ஸ் வேலையை உறவினர் பார்த்தார்கள். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, அந்தச் சிகிச்சை மையத்தில் 3.6 சதவீதமாக இறங்கியது.

இதை எழுதி அனுப்பியபோதும் எளிதில் ஏற்கப்படவில்லை. 1973-இல்தான் கட்டுரை அச்சானது. பின்னர் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் பொட்டலத்தை ஊர் ஊராகக் கொண்டுபோயின. மஹாலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். நோபல் குழு எங்கே பார்த்துக்கொண்டிருந்ததோ தெரியவில்லை.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். டெக்சஸ் மாநிலத்து விச்சிட்டா ஃபால்ஸ் ஊரில் ஆகஸ்ட் வெயிலில் ஒரு நூறு மைல் சைக்கிள் ஓட்டம் நடக்கும். அதன் பெயரே நரகத்தைவிடச் சூடு என்கிற பொருளில் வைத்தது. 1988-இல் அதில் ஓட்டிய மைக்கேல் ஐட்சன் ஆம்புலன்ஸ் சேவையில் அவசர சிகிச்சைப் பணியாளர். தண்ணீர் போதாமல் போகும் என்ற கவலையில், தொழிலில் தினமும் கையாளும் பொருளையே எடுத்தார்: ஒரு சலைன் பை. அதில் தண்ணீர் நிரப்பி, நீளமான சாக்ஸுக்குள் நுழைத்து, சாக்ஸைச் சட்டையின் முதுகில் பின் குத்தினார். குழாயைத் தோள் மேல் இழுத்து, தண்ணீர் வழியாமலிருக்கத் துணி மாட்டும் கிளிப்பைப் போட்டார். தாகம் எடுத்தால் கிளிப்பைத் தளர்த்தி உறிஞ்சுவது. மறு ஆண்டே கேமல்பேக் என்று கம்பெனி தொடங்கிவிட்டார்.

இது வேலை செய்ததற்குக் காரணம் மென்பிளாஸ்டிக். சலைன் முன்பு கண்ணாடிப் புட்டியில் வந்தது. புட்டி காலியாகக் காலியாக உள்ளே காற்று புக வேண்டும், இல்லாவிட்டால் திரவம் இறங்காது. 1970-களில் பரவிய பிளாஸ்டிக் பையோ தானே சுருங்கிக்கொள்ளும், காற்று வழி வேண்டாம். ரத்தக்குழாய்க்கு எது நல்லதோ அதுவே சைக்கிள்காரரின் முதுகுக்கும் நல்லதாகப் போயிற்று. எந்தச் சாய்வில் படுத்தாலும் தண்ணீர் வரும்.

தார் ரோட்டுக்காரர்கள் இந்த முதுகுமூட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பார்கள். மலைப்பாதைக்காரர்களுக்கு இது கைவிட முடியாத பொருளானது. கல்லில் இறங்கும்போது ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தால் அடுத்த நொடி தரைதான். குலுக்கலில் பாட்டில் கூண்டிலிருந்து தெறித்து ஓடும். தெறிக்காத பாட்டிலின் வாயில் சேறும் சாணியும் அப்பியிருக்கும். குழாய் என்றால் தலையை லேசாகத் திருப்பினால் போதும். வளைகுடாப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் முதுகிலும் ஏறியது. 1995-இல் ஐட்சன் தம் கம்பெனியை 40 லட்சம் டாலருக்கு விற்றார். 2015-இல் அது 41.25 கோடி டாலருக்குக் கை மாறியது. பொட்டலத்துக்கு மஹாலனாபிஸ் காப்புரிமையே வாங்கவில்லை.

என் கட்சி பொட்டலத்தின் கட்சி. பையில்லாமல் நம் ஊர்ப்பக்கம் காடு மேடு சுற்றியவர்கள் எத்தனையோ பேர். உப்பில்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை மலைப்பாதைக்குப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வியர்வையில் சோடியம் போகிறது. அளவுக்கு மீறிய வெறும் தண்ணீர், மிச்சமிருக்கும் சோடியத்தையும் நீர்க்கச் செய்யும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், முற்றினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. முதுகில் இரண்டு மூன்று லிட்டர் சுமந்து, நிமிடத்துக்கொரு முறை உறிஞ்சுகிறவருக்கு இந்த வாய்ப்பு கூடுதல். தாகத்துக்குக் குடிப்பதே நல்ல அளவு.

தன் அளவு எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. ஓட்டப் புறப்படுமுன் எடை பார்ப்பது, திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்ப்பது. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம். ஆளுக்கு ஆள் இது வேறுபடும்; நண்பர் குடிக்கிறார் என்று நாமும் குடிப்பதில் அர்த்தமில்லை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பும் குறையும். ஹெப்பாளின் இதமான காலைக் காற்றிலேயே ஓட்டிப் பழகியவர் சாமராஜநகர், ஆசனூர் தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பண்ணாரி வெக்கையைத் தொட்டால், கால் வலுவாக இருந்தும் தலை சுற்றும். அந்தப் பாதை புலிகள் காப்பகத்து வழி, யானை நடமாட்டம் உள்ளது என்பதால் சைக்கிளுக்கு உகந்ததே இல்லை என்பது வேறு விஷயம். குந்தி பெட்டா போதும்.

ஓ.ஆர்.எஸ்.ஸைப் பையில் கரைக்க வேண்டாம். சர்க்கரை ஒட்டிய குழாயில் பூஞ்சை பிடித்தால் கழுவித் தீராது. பையில் வெறும் தண்ணீரை நிரப்பி, தலைகீழாகக் கவிழ்த்துக் குழாயை உறிஞ்சிக் காற்றை எடுத்துவிட்டால் முதுகில் தளும்பாது. கரைசலுக்குத் தனி பாட்டில். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், ருசிக்காகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. நீர்மோரில் உப்புப் போட்டு எடுத்துப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் அது மதியம்வரை தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெயரில் சேர்த்துக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பானங்கள் பல காலம் அதே அலமாரியில் நின்றன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்கள் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. 2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்திய அளவு ஒரு லிட்டருக்கு இது: குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. இந்த நான்கு எண்களும் அட்டையில் இருந்தால் எந்தக் கம்பெனி பொட்டலமானாலும் சரி.