கார்னர் நீலத்துக்குப் பெயர் வந்த வரலாறு

ஒரு சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சிக்குப் பெயர் வந்த வரலாற்றை இன்று உங்களுக்குக் கூறப் புகுகின்றேன். பூச்சியின் பெயரில் வரலாறு என்ன இருக்கப் போகின்றது என்று நீங்கள் ஐயுறலாம். அமெரிக்க நாட்டில் இப்பூச்சி அழிந்துவிடும் நிலையை அடைந்தபோது, அதைக் காக்கச் சட்டம் முன்வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிடி கொடுத்தது அப்பெயரேயாம்.

வண்ணத்துப்பூச்சிகளுள் நீலப் பூச்சிகள் என்பவை ஒரு பெரும் கூட்டம். நம் ஊர்ப் புல்தரைகளில் தாழப் பறந்து திரிகின்ற சிறு நீலப் பூச்சிகளும் இக்கூட்டத்தினவே. இவற்றின் நீலம் சாயத்தால் ஆனதன்று. இறகுச் செதில்களின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. வெயிலின் சாய்வு மாறினால் நிறமும் மாறிக் காட்டும். போதாக்குறைக்கு, பெண் பூச்சிகள் பலவற்றில் நீலம் குறைந்து பழுப்பே மிகுந்திருக்கும். ஆகவே நீலத்தை நம்பிப் பெயர் சொல்லுகின்றவர், சீருடைப் பள்ளியில் சட்டையைக் கொண்டு மாணவனை அடையாளம் காண முயல்பவரை ஒப்பர். என் பள்ளியில் இரட்டைப் பிள்ளைகள் படித்ததுண்டு; அவர்களை நான் நடையைக் கொண்டே பிரித்தறிந்தேன், முகத்தைக் கொண்டன்று.

நம் கதைக்குரிய பூச்சி வாழுமிடம் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரை அடுத்த கார்னர் என்னும் மணற்பாங்கான பைன் காடு. அங்கே நீலப் பூச்சி ஒன்று எதிர்ப்பட்டால், அது இறகுகளை மடக்கி அமரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பின்னிறகின் அடிப்புறத்தில் ஓரம் நெடுகச் செம்மஞ்சள் பிறைகள் வரிசையாக நின்றால் அது கார்னர் நீலம். செம்மஞ்சள் இரண்டு மூன்று புள்ளிகளாகச் சுருங்கி, அவற்றின் அருகே மயிரிழை போன்ற வாலும் இருந்தால் அது வால்நீலம். அடிப்புறம் வெளிறிச் செம்மஞ்சளே இல்லையாயின் வசந்த நீலம் எனலாம். வாலை மட்டும் நம்புதலும் கூடாது. அது எளிதில் ஒடிந்துபோகும்.

இம்மட்டில் கண்ணே போதும். ஆனால் கார்னர் நீலத்துக்கு நெருங்கிய உறவுடைய வேறு சில பூச்சிகள் உள்ளன. அவற்றிடையேதான் அறிஞர்களும் தடுமாறினர். 1861ஆம் ஆண்டில் எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், சாமுவேல் ஸ்கட்டர் என்ற பூச்சியியலாரின் நினைவாக ஒரு நீலப் பூச்சிக்கு ‘ஸ்கட்டரி’ என்று பெயர் சூட்டினார். வடபுலத்துப் பூச்சிக்கும் கார்னர் காட்டுப் பூச்சிக்கும் சேர்த்து அவ்வொரு பெயரே ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் வழங்கிற்று. ஓரே பெயருக்குள் இருவேறு உயிர்கள் குடியிருந்தன!

இச்சிக்கலை அவிழ்த்தவர் நாவலாசிரியராக உலகறிந்த விளாதிமிர் நபோக்கோவ் ஆவார். 1899இல் ருஷ்யாவில் பிறந்து, 1940இல் அமெரிக்காவுக்குக் குடிபுகுந்த அவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியற் பொருட்காட்சிசாலையில் 1948 வரை வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தார். நுண்ணோக்கியின் முன் நாள்தோறும் பலமணி நேரம் அமர்ந்து, ஆண் பூச்சிகளின் இனவுறுப்பில் உள்ள நுண்ணிய வளைவுகளை அளந்தார். இறகில் செதில் வரிசைகளை எண்ணினார். அவருடைய கண்பார்வையே இதனால் கெட்டது. ‘ஸ்கட்டரி’ என்ற பெயர் வடபுலத்துப் பூச்சிக்கே உரியது என அவர் காட்டினார். அவ்வாறாயின் கார்னர் பூச்சி பெயரற்று நின்றது. அதனை மேற்கே வாழும் மெலிஸ்ஸா நீலத்தின் கிளையினமாகக் கொண்டு, ‘சைக்கி’ என்ற இதழின் 1943ஆம் ஆண்டுத் தொகுதியில் ‘சாமுவேலிஸ்’ என்று பெயர் சூட்டினார். ஸ்கட்டரின் குலப்பெயர் வடக்கே சென்றுவிட, அவருடைய இயற்பெயர் கார்னரில் தங்கிற்று! பிற்காலத்தில் நபோக்கோவ் அதனைத் தனி இனமென்றே கருதினார்.

இவை யாவும் ஊசியிற் குத்திய மாதிரிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி என்பது வியப்புக்குரியது. உயிருள்ள சாமுவேலிஸை அவர் கார்னரில் கண்டது 1950இல்தான்.

மெலிஸ்ஸாவின் புழு அவரைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றை உண்ணும். சாமுவேலிஸின் புழுவுக்கோ காட்டு லூப்பைன் என்ற ஒரே செடிதான் உணவு. அச்செடிக்கு வெயில் வேண்டும். இடையிடையே காட்டுத் தீ எழுந்து மரநிழலைக் குறைத்துக்கொண்டிருந்தது. மனிதர் தீயை அடக்கினர். வீடுகளும் சாலைகளும் மணலின்மீது பரவின. லூப்பைன் மறைந்த இடங்களில் நீலமும் மறைந்தது. எல்லாம் ஒரே பூச்சி என்ற பழைய எண்ணம் நீடித்திருந்தால், மேற்கே எத்தனையோ இருக்கின்றன, இங்கே போனால் என்ன என்று விட்டிருப்பார்கள் என்பது என் கருத்து.

கலிபோர்னியாவின் ஸெர்ஸஸ் நீலத்துக்கு அத்தகைய தீங்கே நேர்ந்தது. சான்பிரான்சிஸ்கோ மணல்மேடுகளில் வாழ்ந்த அது 1940களின் தொடக்கத்தில் மறைந்தது. அது தனியினமா, வேறொரு நீலத்தின் கிளையா என்ற வினா அதன்பின்னும் நெடுநாள் நிலவியது. தொண்ணூற்று மூன்று ஆண்டுப் பழைய மாதிரி ஒன்றின் மரபணுவை ஆய்ந்து, தனியினமே என்று 2021இல் முடிவு கண்டனர். விடை வந்தபோது பூச்சி இல்லை.

கார்னர் நீலத்தை 1992இல் அமெரிக்க அரசு அழியும் நிலையிலுள்ள உயிர்ப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அதனைத் தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக ஏற்றது. சில ஆண்டுகளில் அம்மாநிலத்தில் அப்பூச்சியே அற்றுப்போயிற்று. பின்னர் நியூயார்க்கிலிருந்து முட்டைகளைக் கொணர்ந்து, கூடத்தில் வளர்த்து, 2001 முதல் கான்கார்டு நகரப் பைன் காட்டில் விடலாயினர். லூப்பைன் தழைக்கும்படி அக்காட்டின் பகுதிகளை இப்போது மனிதரே அளவறிந்து எரித்து வருகின்றனர்.