தவணையில் குறையாத விலை: தமிழ்நாட்டுத் தனியார் உயர்கல்வியும் கட்டணச் சுமையும்

தனியார் உயர்கல்வியை எளிய குடும்பங்களுக்கு எட்டச் செய்வது பற்றிய விவாதத்தில் மூன்று கேள்விகள் குழம்பிக் கிடக்கின்றன: கட்டணம் எவ்வளவு, யார் செலுத்துவது, எப்போது செலுத்துவது. மூன்றாவது கேள்விக்கு விடை தந்துவிட்டு முதல் கேள்வியும் தீர்ந்ததாகக் கொள்வதே நம் கல்விக் கடன் கொள்கையின் அடிப்படைக் கோளாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. 4 லட்சம் ரூபாய் வரை பிணை வேண்டாம் என்பது அதன் ஈர்ப்பு. ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் நான்காண்டுகள் கடன், 10 விழுக்காடு தனிவட்டி, படிப்பு முடிந்தபின் ஓராண்டு அவகாசம் என்று கொள்வோம். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். அதே வட்டியில் 5.4 லட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ரூபாய். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கென 2009இல் வந்த மைய அரசின் வட்டி மானியம் படிப்புக் கால வட்டியையும் அவகாசக் கால வட்டியையும் ஏற்கிறது. அப்போதும் தவணை ஏறத்தாழ 5,290 ரூபாய். முதல் வேலையில் 18,000 ரூபாய் சம்பளம் வாங்கிச் சென்னையில் அறை வாடகையும் கொடுக்கும் இளைஞருக்கு இதை உதவி என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களோடு (தொடக்கத்தில் 860) நின்றுவிட்டது. சிறு நகரத்துச் சுயநிதிக் கல்லூரியில் படிப்பவருக்கு அதனால் பெரும்பாலும் பயனில்லை.

அமெரிக்க அனுபவம் இங்கே ஓர் எச்சரிக்கை. கூட்டரசின் மாணவர் உதவிக்குத் தகுதிபெற்ற, லாப நோக்குள்ள கல்லூரிகள், அத்தகுதி இல்லாத ஒத்த கல்லூரிகளைவிட முக்கால் பங்கு அளவுக்குக் கூடுதலாகக் கட்டணம் வாங்குவதாகச் செல்லினி, கோல்டின் ஆகியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. கட்டணத்துக்கு வரம்பில்லாத இடத்தில் உதவிப் பணத்தின் ஒரு பகுதி விலைக்குள்ளேயே கரைந்துவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் வரம்பு உண்டு. ஆனால் எல்லா வாசலுக்கும் இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு 2017இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் 50,000 ரூபாயும் நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000 ரூபாயும் கட்டணமாக நிர்ணயித்தது. தரச்சான்று பெற்ற படிப்புகளுக்குச் சற்றுக் கூடுதல். கவுன்சலிங் வழியே வரும் முதல் பட்டதாரிக்கு அதில் 25,000 கழியும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ பொறியியலில் தாமே நுழைவுத் தேர்வு நடத்தித் தாமே கட்டணம் வைக்கின்றன. ஆக, சலுகையை முதலில் தீர்மானிப்பது குடும்பத்தின் வறுமையன்று, மாணவர் நுழையும் வாசல்.

இந்தக் கோணல் புதிதன்று. உன்னிகிருஷ்ணன் வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் தொழிற்கல்வி இடங்களில் பாதியை இலவச இடங்களாகவும் மறுபாதியைக் கட்டண இடங்களாகவும் வகுத்தது. மதிப்பெண் அதிகம் பெற்றவருக்கு இலவச இடம். குறைந்தவர் தம் செலவோடு அவர் செலவையும் சுமக்க வேண்டும். மதிப்பெண்ணும் வசதியும் கைகோத்து நடக்கும் சமூகத்தில் இதன் விளைவு தெரிந்ததே. டி.எம்.ஏ. பாய் வழக்கில் (2002) 11 நீதிபதிகள் அமர்வு அத்திட்டத்தைத் தள்ளியபோது, நகர்ப்புற வசதி படைத்தோரே பெரும்பாலும் இலவச இடங்களைப் பெற்றதைச் சுட்டியது. இனாம்தார் வழக்கு (2005) கொள்ளை லாபத்தைத் தடுக்கக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு விட்டுவைத்தது.

இத்தனைக்குப் பிறகும் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல், தனியார் மருத்துவக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே இருக்கவேண்டும் என்றது. நோக்கத்தில் குறை காண முடியாது. வேறுபாட்டுத் தொகையை யார் தருவது என்பதற்கு அதில் விடையில்லை. கருவூலம் தராவிட்டால் மறுபாதி மாணவர்தான் தரவேண்டியிருக்கும். 1993இன் பிழை மறுபடியும் வந்து நிற்கும்.

கட்டணத்தை இறுக்கினால் தரம் சரியும் என்னும் மறுப்பு பொருட்படுத்தத் தக்கதே. நெருக்கடியில் முதலில் அடிபடுவது ஆசிரியர் சம்பளம். ஆயினும் கல்விக் கட்டணத்தை இறுக்கும்போது விடுதி, பேருந்து, வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற தலைப்புகளில் பணம் வேறு வழியாக வந்துவிடுவதை மறுப்பாளர்கள் பேசுவதில்லை. எனவே வரம்பு விதிக்க வேண்டியது மொத்தச் செலவுக்கு: நான்காண்டுக்குமான முழுத்தொகை சேர்க்கை நாளிலேயே எழுத்தில் தரப்பட்டு, பின்னர் உயர்த்தப்படாமல் இருக்கவேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இதற்குள் வரவேண்டும். அரசின் உதவி வாசலைப் பாராமல் குடும்ப வருமானத்தைப் பார்த்து, கடனாக அன்றிக் கொடையாகச் செல்லவேண்டும். அதுவும் பருவம் தொடங்கும் முன்பே கல்லூரிக் கணக்குக்குப் போய்ச் சேர்வதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். அரசுப் பணம் தாமதமானால் கல்லூரி அலுவலகம் முதலில் கைநீட்டுவது மாணவரிடம்தான்.